வாய்வு என்று நாங்கள் சொன்ன நோவு

இன்று பாரிஸ் லா சப்பலில் மரக்கறி வாங்கப் போன கடையில், எனக்கு முன்னால் நின்ற மனுசி ஓமம் கேட்டா. கடைக்காரர் பையைத் திறந்த உடனே அந்த மணம் வந்து மூக்கில் ஏறியது. எடுத்த வெண்டிக்காயைத் திருப்பி வைத்துவிட்டு, கார் து நோர் ஸ்டேசன் வரைக்கும் நிற்காமல் நடந்து போய் ரயில் ஏறினேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதை உங்களுக்குத்தான் சொல்லவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலமை, பந்தடிக்குப் போக வெளிக்கிட்டுக் கட்டிலில் இருந்தீர்கள். ஒரு காலுறை காலில், மற்றது கையில். நெஞ்சைத் தடவினீர்கள்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. வாய்வு போலை கிடக்கு. நேற்றையான் உழுந்து வடை."

"அப்ப இண்டைக்குப் போகாமல் விடுங்கோவன்."

"நான் இல்லாமல் பத்துப் பேரோடையே இறங்கிறது? கொஞ்சம் ஓமத்தண்ணி காய்ச்சித் தாரும். ஏப்பம் விட்டாச் சரி."

காய்ச்சித் தந்தேன். குடித்தீர்கள். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் சனத்துக்கு நெஞ்சுக்குள் என்ன நொந்தாலும் வாய்வுதானே.

திரான்சி மைதானத்தில் ஒரு பக்கம் எங்கள் ஊர்க் கழகங்களின் போட்டி. கம்பிவேலிக்கு அங்கால் குரோஷியாக்காரரின் போட்டி. அவர்களும் எங்களைப் போலத்தான். முதுகில் ஊர்ப் பெயர், இறைச்சி வாட்டுகிற புகை, கத்துகிற மனுசிமார். நான் றோல்ஸ் விற்கிற மேசையில் நின்றேன். நாற்பது வயதைத் தாண்டினவர்களின் ஆட்டம் தொடங்க, மைக் பிடித்தவர் உங்களைத்தான் பிடித்துக்கொண்டார்.

"பாருங்கோ, அண்ணையின்ரை வண்டி முன்னுக்கு ஓடுது, அண்ணை பின்னாலை வாறார்!"

நீங்கள் வயிற்றைத் தட்டிக் காட்டினீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் பாதியில், பந்து எங்கோ கிடக்க, ஒருவரும் இடிக்காமல் நீங்கள் விழுந்தீர்கள்.

வேலிக்கு அங்காலிருந்து குரோஷியாக்காரர் ஒருவர் ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவராம். உங்கள் நெஞ்சை அமத்தி அமத்தி, என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். மகள் அபிராவுக்கு அப்போது பத்து வயது. அழுதபடி சொன்னாள்:

"அம்மா, முதல் நெஞ்சு நொந்ததோ எண்டு கேக்கிறார்."

சுற்றி நின்ற சனம் முழுக்க என் வாயைப் பார்த்தது. நொந்தது என்றால், பிறகேன் விளையாட விட்டாய் என்று கேட்பார்கள். பயந்துபோனேன்.

"இல்லை" என்றேன்.

"நோன்" என்று பிள்ளை அவருக்குச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலும் கேட்டார்கள். அங்கேயும் இல்லைதான். பிறகு நீங்களும் இல்லை.

இப்போது அபிராவுக்குப் பதினாறு. பெண்கள் அணியில் கோல் காக்கிறாள். நான் ஒரு ஆட்டமும் போய்ப் பார்த்ததில்லை. அவள் படியேறி வந்து மூச்சு வாங்கினாலே கதிரையை இழுத்துப் போடுவேன். போன கிழமை கழகத்துக்குப் பதிகிற கடதாசியைக் கொண்டுவந்து, "கையெழுத்து வையுங்கோ" என்றாள். கேள்விகள் ஒரு பக்கம் நிறைய. எல்லாப் புள்ளடியும் ஒரே கரையில். எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஓமுக்கு உய், இல்லைக்கு நோன் என்று இரண்டையும் நீங்கள் எனக்குக் காட்டித் தந்திருக்கிறீர்கள். எல்லாம் நோன்.

"இதிலை அப்பாவைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?"

கடதாசியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"வீட்டிலை ஆரும் சடுதியாச் செத்தவையோ எண்டு இருக்கு. உய் எண்டா டொக்டரிட்டைப் போகவேணும். அவர் விளையாட விடாட்டி? செ பொன், பரவாயில்லை அம்மா. எனக்கு ஒண்டுமில்லை. சிலநேரம் வாய்வு மாதிரி வரும், அவ்வளவுதான்."

அந்தச் சொல். அதை அவளுக்குப் பழக்கினது நாங்கள்தான்.

"அண்டைக்குக் காலமை அப்பாவுக்கும் வாய்வுதான், பிள்ளை" என்றேன். "நான்தான் இல்லை எண்டு சொன்னனான். நீ அதைத்தான் நோன் எண்டாய். பொய் என்ரை. உன்ரை இல்லை."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஓமத்தண்ணி குடுத்தனீங்களோ?"

"ஓம்."

"அண்டைக்கு நான் அப்பாவைக் கொஞ்சேக்கை ஓமம் மணந்தது" என்றாள். பேனையை எடுத்து அந்த நோனை வெட்டிவிட்டு, உய் பெட்டியில் புள்ளடி போட்டாள்.

நேற்று எபினேயில் டொக்டரிடம் போனோம். அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அபிரா தமிழில் சொல்ல வாய் திறக்க முன்னம், நெஞ்சைத் தொட்டுக் காட்டிய அவரின் கையை வைத்து விளங்கிக்கொண்டேன். "உய்" என்றேன். அந்தக் குரோஷியா மனுசனுக்குச் சொல்லவேண்டிய பதிலை இவருக்குச் சொன்னேன். அவளின் நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். முடிவு செவ்வாய்க்கிழமை.

கடதாசி என் கைப்பைக்குள் இருக்கிறது. கீழே கையெழுத்து வைக்கிற இடம் இன்னும் வெறுமைதான். சமைக்கிறபோதும் பை என் பக்கத்திலேயே கிடக்கிறது. அன்று நீங்கள் ஏப்பம் விட்டதும் நாங்கள் சிரித்தோமே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுக்குள் கேட்கிறது. அபிரா தன்ரை அறைக்குள் சிரித்தால், நான் அடுப்பை நிப்பாட்டிவிட்டு, அவள் திரும்பவும் சிரிக்கும்வரை காது குடுத்துக்கொண்டு நிற்கிறேன்.