சேர் என்றொரு பாட்டு

கீழ்பென்னாத்தூர்
06.01.2025

மாறன் அவர்களுக்கு,

வணக்கம். உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால், அதற்கே நன்றி. ‘ராப் பாடும் மாறன், அடி அண்ணாமலை’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். போஸ்ட்மேனுக்குத் தெரியாமலா இருக்கும்?

இரண்டு வருடமாக நீங்கள் என்னைக் கிண்டலடித்துப் பாட்டு போடுவீர்கள், நான் பதில் பாட்டு போடுவேன். நமக்கு அது விளையாட்டு, நம் ரசிகர்களுக்கு இல்லை. கல்லூரி விழாவுக்கு முந்தின வாரம் நான் குரூப்பில் போட்ட வாய்ஸ் மெசேஜை எவனோ பாதியில் வெட்டிப் பரப்பினான். “மேடைக்கு வா, வாயக் கிழிக்கிறேன்” என்றது இருந்தது. “பாட்டுலதான்” என்று நான் சிரித்தது அதில் இல்லை. விழாவில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டன. என் அண்ணன் பரசுராமன் இரும்புச் சேரைத் தூக்கி உங்கள் தம்பி அருள்ராஜை அடித்தான். இடது காது கேட்காமல் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன்.

மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்வதற்காக எழுதவில்லை. நாம் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு பண்ணலாம். அடிதடிக்கு எதிராக, ஒரே பாட்டில் இரண்டு பேரும். நினைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு. போனில் வேண்டாம். காகிதத்தை வெட்டினால் வெட்டியது தெரியும்.

தேவிப்ரியா
(மேடையில் டெசிபல் தேவி)


அடி அண்ணாமலை
14.01.2025

தேவிப்ரியாவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். உங்கள் கடிதம் வந்த மறுநாளே உங்கள் மாமா பழத்தட்டோடு வந்தார். கேஸை வாபஸ் வாங்கிச் சமாதானமாகப் போகலாம் என்றார். அம்மா தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: அவர் பழத்தோடு வந்தார், நீங்கள் பாட்டோடு வருகிறீர்கள்.

எங்கள் பையன்கள் கொதித்துப்போய் இருக்கிறார்கள். அருள்ராஜ் தலையை ஆட்டினால் போதும், வண்டி எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் கிளம்பிவிடுவார்கள். அவன் எதுவும் சொல்லாமல் படுத்திருக்கிறான். அதுதான் எனக்குப் பயம்.

ஆனாலும் என்ன செய்ய, கடிதத்தை மடித்து வைத்த கையோடு நாலு வரி வந்துவிட்டது:

ஷேர் பண்ண ஆயிரம் கை,
சேர் தூக்கப் பத்து கை,
கட்டிலாண்ட கஞ்சி ஊத்த
எங்கம்மாவோட ஒத்தக் கை.

தலைப்பு ‘சேர்’. தூக்கி அடிப்பதும் சேர்தான், ஒன்றாகச் சேர் என்பதும் சேர்தான். எப்படி?

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் பகுதியில், அடித்தது யார் என்று சொல்வீர்களா? ‘எவனோ ஒருத்தன்’ என்று வந்தால் நான் பாட மாட்டேன்.

மாறன்


கீழ்பென்னாத்தூர்
20.01.2025

அன்புள்ள மாறன்,

அந்த நாலு வரியைத் தூக்கத்திலும் முணுமுணுத்தேன் என்று அம்மா சொன்னாள். எந்தப் பாட்டு என்று கேட்டாள், சொல்லவில்லை.

மாமா வந்தது எனக்குத் தெரியாது. கேஸ் நடக்கட்டும். நான் அதில் சாட்சி. மைக்கோடு மேடையில் நின்றேன், எல்லாவற்றையும் பார்த்தேன், அன்றைக்கே போலீசிடம் சொல்லிவிட்டேன். இப்போது வீட்டில் எல்லோரும் கோர்ட்டில் மாற்றிச் சொல்லச் சொல்கிறார்கள். கரண்ட் போய்விட்டது, எதுவும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டுமாம். ஜாமீனில் வந்திருக்கும் அண்ணன் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. நான் நுழைந்தால் எழுந்து போய்விடுகிறான். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். என் முதல் மைக் அவன் வாங்கித் தந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்:

மைக்கு என் கையில, லைட்டு என் கண்ணுல,
பாக்கலன்னு சொல்லச் சொன்னா பொய் வரல நாவுல.
அடிச்சது எவனோ இல்ல, ஊருக்கே தெரியணும்,
எங்கூடப் பொறந்தவன், நான்தான் சொல்லணும்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். கூடவே சிரிப்பும் வந்தது. இதுவரை நான் எழுதியதிலேயே இதுதான் நல்ல வரி.

பீட்டும் கிடைத்துவிட்டது! பக்கத்துக் களத்தில் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மெஷின் ஓடுகிறது. தடக், தடக்கடக், தடக். ஓடிப்போய்ப் பதிவு செய்தேன். மெஷின்காரர் எனக்குக் கிறுக்கு என்று முடிவே கட்டிவிட்டார். பென்டிரைவ் உறைக்குள் இருக்கிறது. பேஸ் மட்டும் நீங்கள் போடுங்கள்.

தேவிப்ரியா


அடி அண்ணாமலை
10.02.2025

அன்புள்ள டெசிபல்,

ரெக்கார்டிங் முடிந்து நீங்கள் பஸ் ஏறியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் போர்வை கட்டிப் பதிவு செய்த பாட்டு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கீழே காபிக் கடை வைத்திருக்கும் இராமலிங்கம் மிக்ஸியைப் போடாமல் அரை நாள் காத்திருந்தாரே, அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

முக்கியமான விஷயம். பாட்டை அருள்ராஜுக்கு ஹெட்போனில் போட்டேன். பாதியில் கழற்றினான். “அந்தக்கா எங்க? நீ மட்டும்தான பாடுற” என்றான். அப்போதுதான் உறைத்தது. உங்கள் குரலை இடது பக்கம், என் குரலை வலது பக்கம் வைத்திருந்தேன். திரும்ப உட்கார்ந்து எல்லாவற்றையும் மோனோ ஆக்கினேன். ஒரே காதில் இரண்டு பேரும்.

உங்கள் பகுதி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு முறை போடச் சொன்னான். சாயங்காலம் பையன்களை வரச்சொல்லி அவனே பேசினான். “பதிலுக்கு எவனும் போவாதீங்க. போனா நான் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்” என்றான். காது போனபின் அவன் இவ்வளவு பேசிக் கேட்டதே இல்லை. அம்மா உள்ளே போய் அழுதாள்.

இருபத்துமூன்றாம் தேதி, ஞாயிறு மாலை, இராமலிங்கம் கடை முற்றத்தில் நிகழ்ச்சி. இரண்டு ஊர்ப் பையன்களையும் கூப்பிடுகிறோம். வருவீர்களா? வீட்டில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அண்ணனைப் பற்றிய அந்த வரியை மேடையில் விட்டுவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

மாறன்


திருவண்ணாமலை
02.03.2025

அன்புள்ள மாறன்,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கஸ்தூரி சித்தி வீட்டில் இருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போனால் அப்பா வாசலை மறித்து நின்றார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அதை விடுங்கள். அந்த மாலையை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. நான் அந்த வரியைச் சொன்னதும் எங்கள் ஊர்ப் பையன்கள் எழுந்து நின்றார்களே, அடுத்த அடிதடிதான் என்று நினைத்தேன். நீங்கள் சட்டென்று பீட்டை நிறுத்தினீர்கள். அந்த அமைதியில் நான் வரியைத் திரும்பச் சொன்னேன், வெறும் குரலில். சிலர் போய்விட்டார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த முறை ‘ஷேர் பண்ண ஆயிரம் கை’ வந்தபோது இரண்டு பக்கமும் சேர்ந்து கத்தியதே, அதற்கு என் பெயரில் இருக்கும் டெசிபல்கூடப் போதாது.

சாட்சி சம்மன் வந்துவிட்டது. போகிறேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

நேற்று மத்தியானம் அண்ணன் வந்தான். கையில் என் துணிப்பை. சித்தி பயந்து கதவருகிலேயே நின்றாள். அவன் உள்ளே வரவில்லை. பாட்டைப் போடச் சொன்னான். வண்டியில் சாய்ந்துகொண்டு முழுதும் கேட்டான். தன்னைப் பற்றிய வரி வந்தபோது தலையைக் குனியவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

“அந்தப் பையனுக்கு இனிமே கேக்கவே கேக்காதா?” என்றான்.

அந்தக் காதில் கேட்காது என்றேன்.

ரொம்ப நேரம் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு, “கோர்ட்டுக்கு என்னிக்கு வரணும்? பஸ்ல நெரிசலா இருக்கும். நான் கொண்டு வந்து வுடுறேன்” என்றான்.

எனக்கு எதிரே நிற்கப்போகிறவன் அவன். அவன் வண்டியில் நான் போய் இறங்கினால் அரசு வக்கீல் தலையில் அடித்துக்கொள்வார். பஸ்ஸில்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதை அருள்ராஜிடம் சொல்வதா வேண்டாமா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் தோழி,
தேவி