காரின் மேல் வைக்கப்படும் பாலைக் குழைகள்

அனுப்புநர்:
திருமதி கௌசலா லக்ஷன்,
குளக்கட்டு வீதி, முதிரைக்குளம்,
விசுவமடு.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

பொருள்: எமது காரின் மேல் ஊரவர் பாலைக் குழை வைத்துச் செல்வதும், அதை விசாரிக்க வந்த கிராம அலுவலர் செய்ததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாசியில் வவுனியாவில் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினோம். எமது மகள் கவிஷா நான்கு வயது, மூச்சிழுப்பு உள்ள பிள்ளை. மாதாந்தம் கிளிநொச்சிக்குக் கிளினிக் கொண்டுபோகவே வாங்கினோம். கார் வந்த கிழமையே அதன் கூரையில் ஒரு பாலைக் குழை, இலையோடு முறித்த சிறு கொப்பு, கிடந்தது. முறித்த காம்பிலிருந்து பால் வடிந்து, பெயின்ற்றில் ஒட்டி, வெயிலில் கறுத்திருந்தது. காற்றுக்கு விழுந்ததென்று நினைத்தேன். எங்கள் வளவில் பாலை மரமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

2. கணவர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் அந்த இடம் மங்கிவிட்டது. அதன் பின் நானே தேங்காயெண்ணெயில் நனைத்த மெல்லிய துணியைக் கறையின் மேல் ஊற விட்டு, சுரண்டாமல் வழித்தெடுத்து, சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் கொண்டு கழுவுகிறேன். கறை போகிறது, பெயின்ற்றுக்கும் ஒன்றுமில்லை. மறுநாள் அதே இடத்தில் புதுக் குழை இருக்கிறது.

3. ஒருவரும் ஒளித்து வைப்பதில்லை. வயலால் வரும் பெண்கள், மீன் கொண்டுவரும் சுமன், எல்லோரும் நின்று வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டே போகிறார்கள். பக்கத்து வீட்டாரின் வான் வண்டியில் வைப்பதில்லை. காரை வீட்டின் பின்னால் குசினிப் பக்கம் கொண்டுபோய் விட்டோம். படலையைத் திறந்து வந்து வைத்தார்கள். காட்டுவழி தொடங்கும் இடத்தில் குழை முறித்து வைத்து, கடந்து போகிறவருக்கு ஒன்றும் நேரக்கூடாதென்று ஐயனாரை வேண்டுவது இந்தப் பக்கத்து வழக்கம் என்பதை நானும் அறிவேன். காருக்கு வைப்பதை எங்கும் கேள்விப்பட்டதில்லை. முன்வீட்டு சிவலட்சுமி அக்காவிடம் கேட்டேன். அவர் என் கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்து, “பாலைத் துடையுங்கோ தங்கச்சி, குழையை மட்டும் எடுத்தெறியாதேங்கோ” என்றார். ஏனென்று கேட்டதற்கு, பிள்ளை சாப்பிட்டுவிட்டாளா என்று கதையை மாற்றிவிட்டார்.

4. சென்ற மாதம் கிளினிக் வளவில் காரை விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் குழை இருந்தது. பால் இன்னும் காயவில்லை. அங்கே எம்மைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அன்றுதான் கவனித்தேன்: எப்போதும் வைப்பது பின் இடப்பக்கக் கதவுக்கு நேர் மேலே. உள்ளே அந்த இடத்தில்தான் கவிஷாவை இருத்தும் சிறு கதிரை பூட்டியிருக்கிறது.

5. காரின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தோம், பொலிசிலும் விசாரித்தோம். விபத்து எதுவும் பதிவில் இல்லை. பின்னர் நான் கொடுத்த முறைப்பாட்டின் பேரில் கிராம அலுவலர் திரு. அப்புத்துரை சென்ற செவ்வாய்க்கிழமை வந்தார். அவர் வருவதற்கு முன்பே காரைக் கழுவியிருந்தேன். அடையாளம் ஒன்றும் இருக்கவில்லை. தேத்தண்ணி குடித்தார். படித்த பிள்ளை குழைக்கெல்லாம் முறைப்பாடு எழுதுவதா என்று பகிடி பண்ணினார். காருக்கு ஒரு உறை வாங்கிப் போடச் சொன்னார். போகும்போது தனது மோட்டார் சைக்கிள் பையிலிருந்து ஒரு பாலைக் குழையை எடுத்து, அதே கதவுக்கு மேல் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஐயா, அது எங்கள் வீதியில் முறித்ததல்ல. வரும்போதே கொண்டுவந்தது.

6. அவருக்குத் தண்டனை எதையும் நான் கேட்கவில்லை. வரும் திங்கட்கிழமை அடுத்த கிளினிக். அதற்கு முன் அவரை அழைத்து ஒன்றை மட்டும் எழுத்தில் பெற்றுத் தாருங்கள்: குழை காருக்கா, என் பிள்ளைக்கா? காருக்கென்றால் நட்டத்துக்கென்றாலும் நாளைக்கே விற்றுவிடுவோம். பிள்ளைக்கென்றால், அவள் எந்த வழியில் எதைக் கடக்க வேண்டியிருக்கிறதென்று அவர் சொல்லியாக வேண்டும். பெற்றவளுக்குச் சொல்லாமல் ஊரே வேண்டிக்கொள்வது நியாயமில்லை.

பிள்ளை நித்திரையான பிறகு எழுதியது. பிழைகள் இருந்தால் பொறுத்தருளவும்.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கௌ. லக்ஷன்

இடம்: முதிரைக்குளம்
திகதி: 2025.07.17