கொட்டகைக்கு ஒரு வெல்டிங் மெஷின்

ஜூன் 2, செவ்வாய்

ஏழு பள்ளிச் சீருடைக்குக் காஜா போட்டு முடித்தேன். மதியம் என் மனைவிக்குத் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. கை ஆறிவிட்டது, வேலைக்கு வரலாம். ஆனால் வெல்டிங் பகுதிக்கு வேண்டாம், ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். சம்மதமா இல்லையா என்று அதிலேயே குறித்து 30-ஆம் தேதிக்குள் தபாலில் போட வேண்டுமாம்.

இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் டேங்க் வெல்டிங் செய்தவள். பிப்ரவரியில் ஒரு தகடு சரிந்து வலது கையில் விழுந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இனி மடங்காது.

கடிதத்தை மடித்து என் தையல் மெஷின் டிராயரில் போட்டாள். "நட்டு எடுத்துக் குடுக்க நான் எதுக்குங்க? நம்ம கொட்டகையிலயே ஒரு பட்டறை போட்டுடறேன்" என்றாள். தக்காளி வாங்கப் போகிறேன் என்கிற குரலில் சொன்னாள். எனக்குத்தான் ஊசி விரலில் ஏறியது.

ஜூன் 4, வியாழன்

கொட்டகையைக் காலி செய்தாள். சைக்கிள், கால் உடைந்த நாற்காலி, "என்றைக்காவது உதவும்" என்று நான் சேர்த்து வைத்த வெட்டுத்துணி மூட்டை ஆறு. மூட்டைகள்தான் முதலில் வெளியே போயின. தீப்பொறி விழும் இடத்தில் துணியா என்று ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

கரண்ட்காரர் வந்து மீட்டரைப் பார்த்தார். "வீட்டு லைன்தான். பெரிய மெஷின் போட்டீங்கன்னா தெருவே இருட்டாயிடும்." இவள் அதைக் கேட்டுக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஏதோ குறித்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். எந்த மெஷின் வேண்டும் என்பதல்ல, எது வேண்டாம் என்பதுதான் பட்டியல். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது.

ஜூன் 6, சனி

மெஷின் கடைக்குப் போனோம். இவள் கைப்பையில் நாலைந்து இரும்புத் துண்டு. நான் புதுக் கத்திரி வாங்கப் போனால் துணித்துண்டு கொண்டுபோவேனே, அது மாதிரி.

கடைக்காரர் நேராக என்னிடம் வந்தார். "சார், எத்தனை ஆம்பியர்ல பாக்கறீங்க?"

"எனக்கு ஊசி நூல் போதும். அவங்களைக் கேளுங்க."

மனிதர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். அப்புறம் ஒரு பெரிய மெஷினைக் காட்டி நாலு வார்த்தை பேசினார். இவள் கேட்டது ஒரே கேள்வி: "இது வீட்டு லைன்ல ஓடுமா?" ஓடாது. அடுத்தது. வெட்டுவதற்கு காஸ் கட்டிங் காட்டினார். "வீட்டுல எரியற சிலிண்டர் அடுப்புக்கு ஒண்ணு போதும்." பிளாஸ்மா கட்டர் என்று ஒன்றைக் காட்டினார், தகட்டை வெண்ணெய் மாதிரி அறுக்குமாம். "இதுக்குக் காத்தடிக்க கம்ப்ரசர் ஒண்ணு வேணுமே. அதுக்கு யாரு இடம் குடுப்பா?" பத்து நிமிஷத்தில் கடைக்காரர் எதிரே நின்று விற்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இருபது வருஷமாகக் கூடவே இருக்கிறேன், இவள் வேலையில் நிற்கும் நிற்பை நான் சரியாகப் பார்த்ததே இல்லையோ?

வெட்டுவதற்குக் கடைசியில் மேஜை கட்டர். கைப்பிடியை இறக்கினால் வட்டக்கல் சுழன்று குழாயை வெட்டும். பாரம் மேஜையில், கையில் இல்லை. தேய்ப்பதற்கு ஒரு சின்ன கிரைண்டர். ஆறு கிரைண்டரை ஓட்டாமலே பிடித்துப் பார்த்து, பக்கத்தில் இன்னொரு பிடி உள்ளதாக, விரலை எடுத்தால் நின்றுவிடுவதாக ஒன்றைப் பொறுக்கினாள்.

வெல்டிங்குக்கு முதலில், தொழிற்சாலையில் பழகிய, ராடு என்கிற குச்சியை உருக்கி ஒட்டும் மெஷினைத்தான் எடுத்தாள். உள்ளறையில் ஓட்டிப் பார்த்தாள். மூன்று நிமிஷம். பிடி நழுவியது, ராடு இரும்பிலேயே ஒட்டிக்கொண்டது. பிடியைக் கீழே வைத்தாள்.

கடைக்காரர் நல்ல மனிதர். கையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "மேடம், கம்பி மெஷின் பாருங்க" என்றார். "துப்பாக்கி மாதிரி பிடிச்சு ஒரு விரலை அழுத்தினா போதும், கம்பி தானா வரும். இடது கையால தாங்கிக்கலாம். ராடுல மேல பூசின மருந்து எரிஞ்சு, உருகுற இரும்புல காத்துப் படாம பாத்துக்கும்ல? இதுல சிலிண்டர்லேர்ந்து வர்ற வாயு அந்த வேலையைச் செய்யும். எரியற வாயு இல்ல, பயப்படாதீங்க."

முதல் தடவையிலேயே வந்தது. வெல்டர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம், எனக்கு அது தையல்தான். ஒரே சீராக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த தையல். என் மெஷினில்கூட அப்படி விழாது. இதை அவளிடம் சொல்லவில்லை, தலை கனத்துவிடும்.

மாஸ்க்கும் புதுசு, வெல்டிங் வெளிச்சம் பட்டால் தானாக இருட்டாகிவிடுமாம். போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். முகம் இல்லை, உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு.

ஜூன் 9, செவ்வாய்

மைத்துனன் அவன் வேனில் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினான். "மாமா, அக்கா இனிமே கோபம் வந்தா உங்களைக் கதவோட சேத்து ஒட்டிடும், ஜாக்கிரதை" என்றான்.

கொட்டகையில் சுவருக்கு மேலே ஒரு திறப்பு, ஒரு வாசல், அவ்வளவுதான். வெந்து போகும் வெக்கை. தொழிற்சாலையில் இவள் முதுகுக்குப் பின்னால் ஆளுயர ஃபேன் ஓடும். ஒருமுறை சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்திருக்கிறேன். என் தையலறை ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

"உங்களுக்கு?"

"எனக்கு ஜன்னல் இருக்கு."

"ஃபேன் இல்லாம வெல்டிங் பண்ணி எனக்குப் பழக்கமே இல்லீங்க" என்று ஆசையாக அதைத் தன் முதுகுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். இந்த வருஷம் நான் செய்த ஒரே தியாகம். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 11, வியாழன்

தோல் கையுறை இவளுக்குச் சேரவில்லை. மடங்காத இரண்டு விரலும் தனித்தனியாக நீட்டிக்கொண்டு எல்லாவற்றிலும் இடிக்கிறது. பிரித்து, அந்த இரண்டு விரலையும் ஒரே அறையாக்கித் தைத்தேன். மூன்று ஊசி உடைந்தது. போட்டுப் பார்த்து, கையை இப்படியும் அப்படியும் திருப்பி, "அளவெடுத்துத் தைச்ச கோட்டு மாதிரி உக்காந்திருக்குங்க" என்றாள்.

ஜூன் 12, வெள்ளி

எதிர்வீட்டு டீச்சர் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டவர். வாசலில் ஐந்து படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக இறங்கவே இல்லை. "நீயே ஒரு கைப்பிடி போட்டுக் குடும்மா" என்று கேட்டிருக்கிறார். பட்டறைக்கு முதல் வேலை.

இவள் அளவெடுத்ததைப் பார்க்க வேண்டுமே! டேப்பைப் படியில் வைப்பாள் என்று நினைத்தேன். டீச்சரை வாசலில் நிற்கவைத்து, கையைச் சும்மா தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே சுவரில் என் தையல் சாக்பீஸால் கோடு போட்டாள். பிறகு அவர் கை எவ்வளவு பருமனுள்ள குழாயைச் சுற்றி மூடும் என்று மூன்று குழாயைப் பிடிக்கச் சொன்னாள். ஆளிலிருந்து அளவெடுப்பது என் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

வெட்டுவது அருமை. குழாய்கள் பென்சில் சீவியது மாதிரி வரிசையாகக் கிடக்கின்றன. வெல்டிங் சரியாக வரவில்லை. தையல் முழுக்க ஓட்டை, கரையான் அரித்த மரம் மாதிரி. "பழகணும்" என்றாள்.

ஜூன் 15, திங்கள்

இன்றும் ஓட்டை.

ஜூன் 18, வியாழன்

மெஷினில்தான் கோளாறு என்று கடைக்கு போன் செய்தேன். காலையில் மெக்கானிக் வந்தார். உடனே ஓட்டிப் பார்த்தார். நல்ல தையல், ஒரு ஓட்டை இல்லை. இன்னொன்றும் போட்டார், அதுவும் அப்படியே. "மெஷின்ல ஒண்ணும் இல்ல மேடம். கையைக் கொஞ்சம் பழக்குங்க."

அந்த மனிதர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவள் முகம் சுருங்கிவிட்டது. அவர் போன பிறகு அந்த இரண்டு தையலையும் ரொம்ப நேரம் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

ஈரத் துணி காயவைக்கக் காலையில் ஃபேனை என் அறைக்கு எடுத்து வந்திருந்தேன். பாவம், வெந்துபோகிறாளே என்று மதியம் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

கம்பி வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். இரும்பைக் கண்ணாடி மாதிரி தேய்த்துவிட்டும் பார்த்தாள். இடது கையால் செய்து பார்த்தாள். ஒரு தடவைகூட மெஷினைத் திட்டவில்லை. நான் என்றால் இந்நேரம் தெருவில் தூக்கிப் போட்டிருப்பேன். கைப்பிடியின் முதல் கம்பத்தை மூன்று தடவை ஒட்டி மூன்று தடவையும் அறுத்துவிட்டாள். "அந்தப் படியில ஒருத்தங்க தன் முழு எடையையும் இதுமேல போடப் போறாங்க. ஓட்டையோட குடுக்க மாட்டேன்."

ஜூன் 24, புதன்

டீ குடிக்கும்போது வலது கையை மடியில் மறைத்து வைத்துக்கொள்கிறாள். என்னிடமிருந்தா மறைப்பது?

ஜூன் 26, வெள்ளி

இன்று என் டிராயரைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். சம்மதம் என்கிற இடத்தில் ஒரு டிக் போட்டாள். கையெழுத்து இன்னும் போடவில்லை.

"ஏன் இப்படி அவசரப்படற? இன்னும் நாலு நாள் இருக்கே!" என்று கத்திவிட்டேன்.

"மெக்கானிக் ஓட்டினா வருது. நான் ஓட்டினா வரல. மெஷின் ஒண்ணுதான். அப்ப எது மாறுது? நீங்களே சொல்லுங்க."

எனக்கு அளவு தெரியும், துணி தெரியும், இதுல ஒரு மண்ணும் தெரியாது. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், அவ்வளவுதான். அவ கைதான் போச்சுன்னா அதை நான் எப்படி ஒட்டுப்போட்டுக் குடுப்பேன்?

ஜூன் 27, சனி

எழுதக் கை ஓடவில்லை, ஆனால் எழுதியே ஆக வேண்டும்.

காலையில், "இனிமே அங்க எனக்கு என்ன வேலை? ஃபேனைத் தூக்கிட்டுப் போங்க, நீங்களாவது காத்து வாங்குங்க" என்றாள். தூக்கிக்கொண்டு வந்தேன். மனசு கேட்காமல் அதைப் போடாமலே உட்கார்ந்திருந்தேன்.

கம்பத்தை அப்படியே விட இவளால் முடியவில்லை போலிருக்கிறது. வேறு ஆளிடம் கொடுப்பதானாலும் சும்மா நிற்கும் அளவுக்கு ஒட்டிக் கொடுப்போம் என்று உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இங்கே சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாள் வெடித்து வெடித்து வந்த சத்தம், இன்று எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரே சீராக வந்தது.

"ஏங்க! இங்க வாங்க!"

கையைச் சுட்டுக்கொண்டாளோ என்று கத்திரியோடு ஓடினேன். மாஸ்க்கைத் தூக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். கம்பத்தின் அடியில் சுற்றிலும் தையல். ஓர் ஓட்டை இல்லை.

"என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே! நீ சொன்னேன்னு ஃபேனைத்தான்..."

இரண்டு பேரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தோம்.

"கொண்டாங்க அதை" என்றாள்.

ஃபேனைப் பழைய இடத்தில் வைத்து ஓட்டினோம். துண்டு இரும்பில் ஒரு தையல்: ஓட்டை. நிறுத்திவிட்டு ஒன்று: சுத்தம். மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி, மூன்று தடவை பார்த்த பிறகுதான் நம்பினாள். ராடில் மருந்து இரும்பின் மேலேயே படிந்து கிடக்கும், இவள் முதுகுக்கு அடித்த காற்று அதை ஒன்றும் செய்ததில்லை. இங்கே சிலிண்டரிலிருந்து வந்த வாயுவையெல்லாம் நான் வைத்த ஃபேன் ஊதித் தள்ளியிருக்கிறது. கடைக்காரர் அவ்வளவு தெளிவாகச் சொன்னார், இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் ஒரு பக்கம், என் தியாகம் ஒரு பக்கம். நன்றாகத்தான் கூட்டுச் சேர்ந்தோம்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையுறையைக் கழற்றி அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, "என் கை இல்லீங்க. என் கை இல்ல" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம்.

ஜூன் 30, செவ்வாய்

கடிதத்தில் போட்ட டிக்கைக் கோடிட்டு அடித்துவிட்டு, கீழே அவள் கையெழுத்தில் இரண்டு வரி: "ஸ்டோர் வேலை வேண்டாம். சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன்." நான்தான் தபாலில் போட்டேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஜூலை 12, ஞாயிறு

டீச்சர் இன்று புதுக் கைப்பிடியைப் பிடித்து ஐந்து படியும் இறங்கி, தெருவைக் கடந்து, ஒரு கவுனோடு என் வாசலுக்கு வந்தார். தைக்கத்தான் வந்திருக்கிறார் என்று டேப்பை எடுத்தேன். "அது கிடக்கட்டும், அவ எங்க?" என்றார்.

கொட்டகையில் ஃபேன் கிடையாது. மேலே திறப்பு வழியாகப் புகை போய்விடுகிறது, வெக்கை போவதில்லை. அரை மணிக்கு ஒருமுறை இவள் என் அறைக்கு வந்து, நெற்றியில் மாஸ்க் அழுத்திய கோட்டோடு ஃபேனுக்கு நேரே தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். அந்தக் கையை மடியில் வைக்காமல், விரித்துக் காற்றில் நீட்டிக்கொள்கிறாள். நான் தைத்துக்கொண்டே பேசுவேன். முன்பெல்லாம் நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை.

டீச்சர் போன பிறகு யாரோ ஒருவர் வளைந்த கேட் கதவை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். "வெல்டர் இருக்காரா?" என்று என்னிடம் கேட்டார்.

"இருக்காங்க. காத்து வாங்கறாங்க. பத்து நிமிஷம் உக்காருங்க."

அவர் என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். இவள் எழுந்து, என் மேஜை மேல் கிடந்த கையுறையை மாட்டிக்கொண்டாள். கட்டைவிரல் தையல் பிரிய ஆரம்பித்திருக்கிறது. நாளைக்கு அடித்துத் தர வேண்டும்.