டோய்வோ சொன்ன சம்மதம்

மார்ச் 14, வெள்ளி

அன்பு மகள் சிக்னேவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஒருமாதிரி நலமாக இருக்கிறோம், ஏரியில் பனிக்கட்டி இன்னும் இளகவில்லை, என் முழங்காலும் அப்படியே. நியூசிலாந்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு டோய்வோ ரௌத்தியோவும் பெர்னடீனும் பத்தொன்பது வருஷம் கல்யாணம் செய்யாமலே குடும்பம் நடத்தியது உனக்குத் தெரியும். உயில் எழுதினால் சாவு வந்துவிடும் என்று டோய்வோ அதையும் எழுதவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் பயம் வந்தது, அவன் போய்விட்டால் வீடு டெக்சாஸில் இருக்கும் அண்ணன் மகனுக்கு, பெர்னடீன் பெட்டியோடு தெருவில். "ஆர்விட், நீயே நடத்தி வைடா, பாதிரியக் கூப்பிட்டா பிரசங்கம் பண்ணியே என்னைக் கொன்னுடுவாரு" என்றான். கேட்டவரையெல்லாம் பாதிரியாக்கும் ஒரு இணையச் சபை இருக்கிறது, நான் கணினியில் அதில் பெயரும் முகவரியும் தட்டினேன், காப்பி இறங்குவதற்குள் பாதிரியாகிவிட்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் உரிமத்துக்கு மூன்று தடவை தோற்றவனுக்குக் கடவுள் பரீட்சையே வைக்கவில்லை. "குப்பைய வெளிய வைக்கச் சொன்னா காது கேக்காது, இவரு ஊருக்கு ஆசீர்வாதம் பண்றாராம்" என்றாள் உன் அம்மா. ஆனால் பதிவு அலுவலகத்துப் பெண் லேசில் விடவில்லை, வீட்டில் அச்சடித்த தாள் செல்லாது, சபையின் முத்திரை வைத்த சான்றைக் கொண்டுவந்து பதிந்தால்தான் கல்யாணம் நடத்தலாம் என்றாள். இருவரும் நேரில் இருக்கவேண்டும், வாய்விட்டுச் சம்மதம் சொல்லவேண்டும், இரண்டு சாட்சி, கல்யாணம் முடிந்து ஐந்து நாளுக்குள் எல்லோரும் கையெழுத்திட்ட படிவம் அலுவலகத்துக்குத் திரும்பவேண்டும். சான்று தபாலில் வர ஒன்பது நாளாயிற்று. திங்கள் காலை பதிந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அம்மாவும் நர்ஸ் கோலீனும் சாட்சி. கோலீன் டோய்வோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெர்னடீன் சம்மதம் சொன்னாள். பிறகு டோய்வோவைக் கேட்டேன். "ஆமா" என்றான், தெளிவாக, இன்னும் காப்பி வேண்டுமா என்று கேட்டால் சொல்வானே, அந்தச் சிடுசிடுப்போடு. நான் கல்யாணச் சடங்குப் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்புவதற்குள் கோலீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆர்விட், நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே நாடி நின்னுடுச்சு. அவரு வாய் அசையல. ஆனா நானும் கேட்டேன்" என்றாள். நாலு பேரும் கேட்டோம். பெர்னடீன் அவன்மேல் விழுந்து அழுதாள், நான் புத்தகத்தை மூடிவிட்டேன். "படிவத்துல தேதிதான் இருக்கு, நேரம் கேக்கல" என்று சொல்லிக் கோலீன் கையெழுத்துப் போட்டாள், அம்மாவும் போட்டாள். எனக்கு மட்டும் போடக் கை வரவில்லை. நாலு நாள் படிவம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கிடந்தது, பால் எடுக்கவே பயம்.

இன்று காலை பெர்னடீன் கூப்பிட்டாள். "ஆர்விட், அவரு நிறுத்த மாட்டேங்கிறாரு. பாத்திரம் கழுவுனா பின்னாலேர்ந்து ஆமாங்கிறாரு, படியேறுனா ஆமாங்கிறாரு. நான் ஒண்ணுமே கேக்கலையே!" நானும் அம்மாவும் போனோம். அவள் சமையலறையில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. என் காதுக்குப் பக்கத்தில், யாருமில்லாத இடத்தில், "ஆமா". என் கழுத்து மயிர் நட்டுக்கொண்டது. உன் அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அட மடையா, நீ முடிச்சு வைக்கவே இல்லையே! கணவன் மனைவின்னு அறிவிச்சியா? அந்த மனுஷன் பதில் சொல்லிட்டு நாலு நாளா நின்னுக்கிட்டிருக்கான்!"

வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தையும் படிவத்தையும் எடுத்து வந்தேன். பெர்னடீன் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள், விரல்கள் எதையோ பிடித்ததுபோல மடங்கின, நான் அங்கே பார்க்கவில்லை. கடைசி வரியை வாசித்தேன், தவளைக் குரலில். அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவள் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, "இப்பத்தான் போறாரு" என்றாள். கை மெல்லத் திறந்தது.

அவள் மேசையிலேயே கையெழுத்துப் போட்டு அலுவலகம் போனேன். "ரெண்டு பேரும் நேர்ல இருந்தாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இருந்தார்கள் என்றேன். எத்தனையோ பொய் பழகிய நாக்கு, இது பொய்யா நிஜமா என்று அதற்கே தெரியவில்லை. முத்திரை விழுந்துவிட்டது. குற்றமென்றால் என்னோடு போகட்டும்.

உனக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவன் காக்கட்டும், குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை பெர்னடீனுக்கு மறக்காமல் போன் செய். எடுத்ததும் திருமதி ரௌத்தியோவா என்று கேள். அதற்கு அவள் ஆமா சொல்லட்டும்.

உன் அப்பா,
ஆர்விட் லிண்டால்