கையெழுத்து இல்லாத விண்ணப்பம்

செவ்வாய்க்கிழமை, இரவு 11.10

நேற்று பாப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது மருந்து ஆவி பிடிக்கும் மெஷின் பாதியில் நின்றது. எங்கள் மாடிக்கு வீட்டுக்காரர்கள் வைத்திருப்பது, பணம் தீர்ந்தால் தானே நின்றுவிடும் ரீசார்ஜ் மீட்டர். சேலத்தில் இருக்கும் அவர்கள் மகன் போனில் ஏற்றினால்தான் கரண்ட். அவன் போனை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

இன்று காலை, எங்கள் பெயரில் தனி மின் இணைப்பு கேட்கும் விண்ணப்பத்தை வீட்டுக்கார அக்காவிடம் நீட்டினேன். அவர் கையெழுத்து வேண்டும்.

"இன்னாம்மா, எங்க வூட்டு கரண்ட்டு ஒனக்கு ஷாக் அடிக்குதா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். "பையனாண்ட கேட்டுக்கினு சொல்றேன்."

சாயங்காலம் புதிதாக ஒரு தம்பதியோடு மாடியேறி வந்தார்.

"சும்மா பாக்க வந்தாங்கம்மா. நீ வேலையப் பாரு."

அந்தப் பெண் பீரோ வைக்கும் சுவரைக் கையால் முழம் போட்டு அளந்தாள். கரண்ட் எப்படி என்று கேட்டாள்.

"அதுல ஒரு தொந்தரவும் கெடையாது" என்றார் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே.

போகும்போது விண்ணப்பத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனார். கையெழுத்து இல்லை.

இவருக்கு ஆலையில் நைட் ஷிப்ட். இன்னும் சொல்லவில்லை. தனி இணைப்பு வேண்டாம் அக்கா என்று நாளைக்கே சொல்லிவிட்டால் வீடாவது மிஞ்சும். பாப்பாவுக்கு மறுபடி இழுத்தால்?

இப்போது மெஷினைப் போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது. அணைக்கப் பயமாக இருக்கிறது.