நீ சுற்றாமல் போன தீப்பந்தம்

இன்று காலை பரணில் ஓர் எலி தன் வேலையைக் காட்டியிருக்கிறது. தகரப் பெட்டியைத் திறந்தால் துணிப்பந்து கிழிந்து, உள்ளே அடைத்திருந்த கம்புத் தானியமெல்லாம் சிதறிக் கிடக்கிறது. என் பழைய மஞ்சள் தாவணியை வெட்டி நீ தைத்த பந்து. உன் கோணல் தையலை மட்டும் எலி தொடவில்லை. அதற்கும் பிடிக்கவில்லை போல. சிரித்தேன். இதைச் சொல்லி உன்னைச் சீண்ட நீ இல்லையே என்று அடுத்த நிமிடமே வலித்தது.

ஊருக்கே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்த காலம். சம்பளம் வாங்காமல் எங்கள் பிள்ளைகளுக்கு சர்க்கஸ் வித்தை சொல்லித்தர, ஒரு தொண்டு அமைப்பு மூலம் கடல் கடந்து அச்சங்குளம் வந்தாய். உனக்கும் எனக்கும் ஒரே வயது. பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகிக்கொண்டிருந்த நான், பிளஸ் டூ படித்திருந்த பாவத்துக்கு, உன் பேச்சை ஊருக்கும் ஊர்ப் பேச்சை உனக்கும் மாற்றிச் சொன்னேன். நீ முதலில் கற்ற தமிழ், "சாப்பிட்டீகளா?" வழியில் மேய்கிற ஆட்டைக்கூட விடமாட்டாய்.

சாயங்காலங்களில் பள்ளி மைதானத்தில் பந்து எறிந்து பிடித்தோம், மரக்கால் கட்டி நடந்தோம். "கலியாணம் ஆக வேண்டிய பிள்ளை, கம்பைக் கால்ல கட்டிக்கிட்டு ஆடவா?" என்று அம்மா கடுகடுத்தாள். ஒருமுறை வந்து பார்த்தால் மாறிவிடுவாள், மதுரையில் நடக்கும் சர்க்கஸ் பயிற்சிக்கு என்னை அனுப்பிவிடுவாள் என்றாய். அதற்காகத்தான் ஊர் முன்னால் நிகழ்ச்சி. "கடைசில ஒன்னு இருக்கு, சொல்ல மாட்டேன்" என்று கண்ணடித்தாய்.

எங்கள் ஊர்ப் பெண்கள் கம்பெனி வேனிலிருந்து இறங்கினால், குளித்துச் சேலை மாற்றிய பிறகுதான் அடுப்புப் பக்கம் போவார்கள். உடுப்பில் படிந்த வெடிமருந்துத் தூசி பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். அன்று வேன் தாமதம். கொட்டுச் சத்தம் கேட்டதும், ஆரம்பத்தைத் தவறவிடக் கூடாதென்று வந்த கோலத்திலேயே மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா முன்வரிசையில். நான் மரக்காலில் நடந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் எரியும் தீப்பந்தத்தோடு நீ ஓடிவந்தாய்.

கூட்டம் மொத்தமும் எழுந்தது. பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். "அமத்து தாயி, அமத்து" என்று அம்மா கத்திக்கொண்டே ஓடினாள். பந்தத்தை மணலில் புதைத்து அணைத்துவிட்டு, "எல்லாருக்கும் கோவமா?" என்று என்னைப் பார்த்தாய். மரக்காலோடு சுவரைப் பிடித்து நின்றிருந்த நான் கயிற்றை அவிழ்ப்பதற்குள், உன் அமைப்பின் பொறுப்பாளர் பதறியடித்து உன்னை ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டார். ஊர் திரண்டு அடிக்க வரும் என்று நினைத்தாராம், புண்ணியவான்.

ஊர் திரும்பி வரத்தான் செய்தது. தலையில் ஈரம் சொட்ட, துவைத்த சேலையோடு வந்து, எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தார்கள்.

"குளிச்சிட்டு வந்துட்டோம். இப்ப அந்தப் பிள்ளையைச் சுத்தச் சொல்லு" என்றாள் அம்மா.

உன் முகவரியை அமைப்பு தரவில்லை. அவர்களிடம் நான் கொடுத்த கடிதம் உன்னிடம் வந்து சேர்ந்ததா, தெரியாது. சில வருடம் கழித்து உன் ஊர்க்காரர் ஒருவர் வந்தபோதுதான், நோயில் நீ போய்விட்ட செய்தி தெரிந்தது. அச்சங்குளத்து ஜனங்களின் மனதை நோகடித்துவிட்டதாகக் கடைசிவரை சொன்னாயாம். தீப்பந்தத்தை மறுபடி தொடவே இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து என் மனம் ஆறவில்லை. ஒரு குளியல் நேரம் நீ காத்திருந்தால் போதுமாயிருந்தது, அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

மதுரைக்கு அம்மாவே என்னை பஸ் ஏற்றிவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மைதானத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். சிதறிய கம்பு மணிகளைப் பொறுக்கிப் போட்டுப் பந்தையும் தைத்தாயிற்று. உன் தையலைப் பிரிக்கவில்லை.

அம்மா கம்பெனியை விட்டுப் பல வருடமாகிறது. சேலையில் மருந்து இல்லை. இருந்தும் எங்கள் நிகழ்ச்சி என்றால் குளித்து, ஈரத் தலையோடுதான் முன்வரிசைக்கு வருகிறாள். ஏனம்மா என்று ஒருமுறை கேட்டேன்.

"யாராச்சும் ஒருநா பந்தம் சுத்த வருவாக. அன்னைக்கு நாம எந்திரிச்சு ஓடக் கூடாதுல்ல."