புல்லை மிதிக்காத துரை

என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய அக்கா,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அங்கே பத்திரிகை வருகிறதா என்று தெரியவில்லை. வந்தால் இதைப் படித்துவிட்டு, ஒரு சின்ன விஷயத்தை எத்தனை நீட்டி எழுதியிருக்கிறான் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வாய். இந்த முறை பொறுத்துக்கொள். விஷயம் உன் நாயைப் பற்றியது.

துரை என்னிடம்தான் இருக்கிறான். உன் மகள் சுதாவுக்கு மறைமலை நகர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, வாடகை வீடு, நாய் என்றால் ஆகாத வீட்டுக்காரர். ஆகவே காரியம் முடிந்த மறுநாளே, ஒரு பழைய போர்வை, ஒரு அலுமினியத் தட்டு ஆகிய சீர்வரிசைகளோடு பொழிச்சலூரிலிருந்து சேலையூருக்கு, என் ஃபிளாட்டுக்கு, அவன் ஆட்டோவில் வந்து இறங்கினான். நாய்களைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். அது மாறவில்லை. மனிதர்களைப் பற்றிய அபிப்பிராயம் இன்னும் கீழே இறங்கிவிட்டதால் நாய் சற்று மேலே தெரிகிறது, அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பை நீ பார்த்திருக்கிறாய். முன்பக்கம் ஒரு புல்தரை. விளம்பரத்தில் அதைப் ‘பரந்த பசும்புல்வெளி’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரு மாட்டைக் கட்டினால் மத்தியானத்துக்குள் தின்று முடித்துவிடும். அதன் நடுவே, மிதிக்காதீர் என்று ஒரு பலகை. பின்பக்கம், கழிவுத் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் இடையில் இன்னொரு கீற்றுப் புல். அதுதான் செல்லப்பிராணிகளுக்கு என்று சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. நாய் வளர்க்கலாம். ஆனால் அது தன் காரியத்தை அந்தக் கீற்றில்தான் முடிக்க வேண்டும்.

துரை அந்தத் தீர்மானத்தைப் படிக்கவில்லை. வந்த முதல் நாளே, விருந்தினர் கார் நிறுத்தும் இடத்தில், பளிச்சென்று துடைத்த சிமெண்டுத் தரையின் நட்டநடுவில் உட்கார்ந்தான். நான் சுத்தம் செய்யப் பழைய செய்தித்தாள் எடுத்துக்கொண்டு கீழே வருவதற்குள் அது சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் வந்துவிட்டது. நிலவில் இறங்கிய கலத்தைக்கூட இத்தனை கோணங்களில் படம் எடுத்திருக்க மாட்டார்கள். ஒருவர் சுகாதாரம் பற்றி எழுதினார். ஒருவர் பண்பாடு பற்றி எழுதினார். நடுவில் ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் சொன்னார்.

நானும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நம் கழிவுத் தொட்டியை உறிஞ்சும் லாரி அதையெல்லாம் கொண்டுபோய் எந்த ஏரியில் கொட்டுகிறது என்று. யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆர்வமும் இல்லை. ஒரு நாய் எங்கே உட்கார்ந்தது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் சங்கச் செயலாளர் செல்வராஜ் வந்தார். இந்தக் குடியிருப்பு நிற்கும் நிலம் அவர் குடும்பத்துடையது. அதற்கு ஈடாக நான்கு ஃபிளாட்டுகள் வாங்கிக்கொண்டார்கள். அவர் துரையை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார் உங்க நாயி? எங்க வூட்டு எருமைங்க இதே எடத்துலதான் மேஞ்சிகினு இருந்துச்சுங்க. ஒண்ணுகூட சிமெண்டு கேக்கல.”

எருமைகளுக்குச் சங்கம் இல்லை என்றேன். சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “அடுத்த மீட்டிங் வரைக்கும் நான் பாத்துக்கறேன் சார். அதுக்குள்ள பின்னாடி புல்லுல போச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா மெஜாரிட்டி இன்னா சொல்லுதோ அதான்.”

அந்த மெஜாரிட்டியை எனக்குத் தெரியும். மாடியில் காக்கைக்குச் சோறு வைத்த அம்மாளுக்கே அபராதம் போட்டவர்கள்.

ஆகவே, அக்கா, ஐம்பது ஆண்டு வாசிப்பும் எழுத்துமாக வாழ்ந்த உன் தம்பி, ஒரு நாயைப் புல்லில் உட்காரவைக்கும் பணியில் இறங்கினான். விடியற்காலையில் கூட்டிப்போனேன். கீற்றின் ஓரம் வரை ஒழுங்காக வருவான். புல் தொடங்கும் இடத்தில் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடுவான். இழுத்தால், கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்று என் கையோடு வரும்; நாய் வராது. தூக்கிப் புல்லில் விட்டால், சுடுமணலில் நிற்பவன்போல் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்குவான். பிறகு ஒரே தாவலில் வெளியேறி, நேராகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய், கடமையை முடிப்பான். பயந்த முகம் அல்ல அது. தப்பு செய்யச் சொல்கிறானே இவன் என்கிற முகம்.

பிறகு மேடவாக்கத்திலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தேன். நாய் மனநிபுணர் என்றுதான் அவர் தன்னைச் சொல்லிக்கொண்டார். துரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “கான்ஃபிடன்ஸ் இஷ்யூ சார்” என்றார். எனக்கா, நாய்க்கா என்று கேட்டேன். இருவருக்கும் என்றார். “முதல்ல நீங்க ரிலாக்ஸா புல்லுமேல உக்காருங்க. அது உங்களைப் பாத்துக் கத்துக்கும்.”

உட்கார்ந்தேன். கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, கையில் வேகவைத்த கோழித் துண்டோடு. துரை கரையில் நின்று என்னை மிகுந்த வருத்தத்தோடு பார்த்தான். இரண்டாவது மாடியிலிருந்து யாரோ அதையும் படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். சார் யோகா செய்கிறார் என்று சிலர் கைகூப்பியிருந்தார்கள். நிபுணர் அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை.

அந்த வாரம் சுதா கூப்பிட்டாள். குன்றத்தூர் தாண்டி ஒரு நாய்க் காப்பகம் இருக்கிறதாம், கேட்டு வைத்திருக்கிறாளாம், இடம் இருக்கிறதாம். எதற்கும் ஒரு தரம் போய்ப் பார்த்துவிடலாம் என்றாள். நான் இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன், தினமும் புல்லுக்குத்தான் கூட்டிப்போகிறேன் என்றேன்.

“புல்லுலயா? மாமா, சத்தியமா போகாது.”

“ஏன்?”

“குட்டியா இருந்தப்போ அம்மாவோட அருகம்புல்லு மேல போயிடுச்சு மாமா. அதுவும் சதுர்த்தி அன்னைக்கு. அம்மா தொடப்பத்தோட வந்து, ‘டேய், அது புள்ளையார் புல்லுடா, எறங்குடா’ன்னு ஆரம்பிச்சாங்க. அடிக்கல. பேசினாங்க. தெரு முழுக்கக் கேட்டுச்சு. அது பாவம், தலையைத் தொங்கப்போட்டுட்டு முழுசும் நின்னு கேட்டுச்சு. அதோட சரி. பச்சையா எதைப் பாத்தாலும் சுத்திக்கிட்டுதான் போகும். பச்சைக் கோலப்பொடியைக்கூட மிதிக்காது.”

சிரித்தேன். போனை வைத்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.

உன் வீட்டு வாசலிலிருந்து கொல்லை வரை சிமெண்டு. மண் இருந்தால் சேறு, சேறு இருந்தால் பூச்சி என்று நீதான் ஒரு அடி விடாமல் பூசச் சொன்னாய். குழாயடியில் மட்டும் ஒரு முறம் அளவு மண்ணை விட்டுவைத்தாய், தெருமுனைப் பிள்ளையாருக்கு அருகம்புல் வேண்டுமே என்று. அந்த நாய் என்னிடம் வரும்வரை பார்த்த ஒரே புல் அதுதான். அது கடவுளுடையது என்று நீ சொன்னாய். அவன் நம்பினான். நான் வந்தபோதெல்லாம் உன் காபியைக் குடித்துவிட்டு உன் பிள்ளையாரைக் கிண்டல் செய்துவிட்டுப் போனேனே தவிர, கொல்லையில் ஒரு தீவிர பக்தன் உருவாகிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை.

யோசித்துப் பார், உன் பேச்சை யார் கேட்டோம்? அத்தானைச் சிகரெட்டை விடச் சொன்னாய். கடைசியில் சிகரெட்தான் அவரை விட்டது. சுதாவை அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதச் சொன்னாய். என்னைப் பத்திரிகையில் யாரையும் பகைத்துக்கொள்ளாதே என்றாய். தலைமை எழுத்தராக நீ ஆண்ட அலுவலகத்தில், உன் முதுகு திரும்பியதும் கோப்புகள் பழைய இடத்துக்கே போயின. ஒரே ஒரு தரம் சொல்லி, ஆயுளுக்கும் அதைக் கடைப்பிடித்த ஜீவன் இவன் ஒருவன்தான். நீ போன பிறகும் உன் உத்தரவு அமலில் இருக்கிற ஒரே இடம் இந்த நாயின் மண்டை. அதை நான் ரத்து செய்ய வேண்டும்.

செய்யாவிட்டால் காப்பகம். சுதாவும் நானும் போய்ப் பார்த்தோம். குறை சொல்ல முடியாத இடம். வேளைக்குச் சோறு, வாரம் ஒரு மருத்துவர். வரிசையாகக் கம்பித் தடுப்புகள். தரை முழுக்கச் சிமெண்டு. புல் என்ற பேச்சே இல்லை. துரை அங்கே உன் சொல்லை ஒருநாளும் மீறாமல், யாரையும் தெரியாமல், நிம்மதியாக இருந்திருப்பான். அவன் என்னோடு இருக்க வேண்டுமானால் உனக்குத் துரோகம் செய்தாக வேண்டும். நீ எதை விரும்பியிருப்பாய்? திரும்பி வரும்போது பஸ்ஸில் சுதாவிடமும் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “அம்மாவைக் கேக்காம நான் எப்பிடி மாமா சொல்றது?” என்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக.

நானே முடிவெடுத்தேன். கார் நிறுத்துமிடத்தில் ஒரு பக்கம் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். பெயர்த்த சிமெண்டுப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்பக்கப் புல்லின் நடுவில் போட்டேன். செல்வராஜ் பார்த்தார். “இன்னா சார், புல்லுக்கு பிளாட்ஃபாரம் போடறீங்கோ?” என்றார். தடுக்கவில்லை. துரை தொட்டி மூடியிலிருந்து ஒரே தாவலாகத் தாவிப் பலகையில் ஏறி, சுற்றிலும் பார்த்து, அங்கே உட்கார்ந்தான். நாலாபுறமும் கடவுள் நிலம். நடுவில் தனக்கென ஒரு துண்டு சிமெண்டு.

அதன்மேல் கொஞ்சம் வெட்டிய புல்லைத் தூவினேன். அன்று முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் மதில் சுவரைப் பார்த்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். பிறகு மண்ணும் புல்லுமாகப் பலகையை மூடினேன். அடியில் சிமெண்டு இருக்கிறது என்று அவன் கால் நம்பியது. நம்பிக்கையை வைத்து ஏமாற்றுவது இத்தனை சுலபம் என்று தெரிந்திருந்தால் நான் எழுத்துக்கு வந்திருக்க மாட்டேன், அரசியலுக்குப் போயிருப்பேன்.

கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகையை எடுத்துவிட்டேன். வெறும் புல். துரை தாவினான். நின்றான். மெதுவாக ஒரு வட்டம் சுற்றினான். உட்கார்ந்தான்.

முடித்ததும் வழக்கமாகப் பின்காலால் தரையைப் பிராண்டிவிட்டு ஓடுவான். அன்று ஓடவில்லை. காது இரண்டும் பின்னுக்குப் போக, வாலை ஒடுக்கி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றான். நான் கோழித் துண்டை நீட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அது வரவில்லை. தலையைத் தூக்கி மதில் பக்கம் பார்த்தான், படிக்கட்டுப் பக்கம் பார்த்தான், மறுபடி தொங்கப்போட்டான்.

செல்வராஜ் அங்கேதான் நின்றிருந்தார். கூட்டத்தில் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிறகு, “இன்னாத்துக்கு சார் அப்பிடியே நின்னுகினு கீது?” என்றார்.

“திட்டு விழும்னு நிக்குது.”

“யாரு திட்டணும்?”

நான் கோழித் துண்டைத் தாளில் மடித்தேன். அவர் நாற்காலி போடச் சொல்லப் போய்விட்டார். நானும் துரையும் அங்கேயே நின்றோம். வெயில் ஏறி, கூட்டத்துக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும்வரை அவன் காத்திருந்தான். அப்புறம் தானாகவே புல்லைவிட்டு இறங்கி, என் காலடியில் வந்து படுத்தான்.

மெஜாரிட்டி அவனை இருக்கச் சொல்லிவிட்டது. அடுத்து லிஃப்ட் பராமரிப்பு பற்றி வெகுநேரம் சண்டை போட்டார்கள்.

அக்கா, துரையை நான் எங்கும் அனுப்பப் போவதில்லை. எனக்குப் பிறகும் அவன் இருந்தால், சொந்த வீடு பார்த்துக்கொண்டு வந்து கூட்டிப்போவதாகச் சுதா சொல்லியிருக்கிறாள். புல்லிலோ சிமெண்டிலோ அவன் எங்கே உட்கார்ந்தாலும் நான் திட்டமாட்டேன், வேறு யாரையும் திட்டவிடவும் மாட்டேன். அது உன் பதவி. அதை நிரப்பும் உத்தேசம் இல்லை, காலியாகவே இருக்கட்டும்.

நீ திட்டி ஆளாக்கிய இருவரில் பெரியவன்,
உன் தம்பி